செவப்புச் சட்டை அண்ணாச்சி

குற்றாலத்துக் கடையில் வாங்கிய ஈரிழைத் துண்டைப் பிரித்து, அதற்குள் இருக்கும் பாலித்தீன் பையைப் பிரித்து, மங்களேஸ்வரி டீச்சர் புத்தகத்தை வெளியே எடுக்கும்போது நாலாம் வகுப்பின் பதினேழு பேரும் உள்ளங்கையைச் சட்டையில் துடைத்துக்கொள்கிறார்கள். யாரும் தொடப்போவதில்லை. ஆனாலும் துடைக்க வேண்டும். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே உள்ள அந்த ஊராட்சிப் பள்ளியில் சாரல் மாதம் வந்தால் சுவரே வியர்க்கும். "தாளு ஒட்டிக்கிட்டுன்னா அயர்லாந்துக்குப் போயா மாத்திட்டு வருவிய?" என்பது டீச்சரின் கேள்வி.

அயர்லாந்தில் நர்ஸாக இருக்கும் பெரியம்மா மகள் பொன்செல்வியிடம் டீச்சர் கேட்டது ஒரு ஸ்வெட்டர். வந்ததோ அந்த நாட்டு நாட்டுப்புறக் கதைகளின் படப்புத்தகம். இரண்டு நாள் அதைத் தொடவில்லை. மூன்றாம் நாள் பிரித்தவர் பள்ளிக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். பச்சை மலை, உச்சியில் மேகம், விடாத தூறல். படத்தைப் பார்த்த பிள்ளைகள், "டீச்சர், அங்கனயும் சீசனா?" என்றார்கள்.

டீச்சருக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. எந்தப் புளியமரத்தடியிலும் பாய் போட்டுப் படுத்துக் காட்டத் தயார். ஆனால் பன்னிரண்டாம் பக்கத்தில் வேலியோரம் உட்கார்ந்து ஒற்றைச் செருப்பைத் தைத்துக்கொண்டிருக்கும், சிவப்புச் சட்டை போட்ட முழ உயர மனிதரைப் பற்றி மட்டும், "நான் பார்த்ததில்ல. அதுக்காக இல்லன்னு எப்படிச் சொல்ல?" என்பார். புதையல் இருக்கும் இடம் அந்த மனிதருக்குத் தெரியும். கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தால் காட்டிக்கொடுத்தாக வேண்டும். எடுத்தால் ஆள் மாயம். ஒருத்தி "செருப்பு தைக்கான்" என்றபோது டீச்சர் கதையையே நிறுத்தினார். "மரியாதையா, தைக்காவன்னு சொல்லுட்டி." அன்றிலிருந்து அவர் செவப்புச் சட்டை அண்ணாச்சி.

வகுப்புக்கும் அதே விதிதான். பக்கம் திறந்திருக்கும்வரை ஒருவரும் கண்ணை அகற்றக் கூடாது. படத்தின் கீழுள்ள நாலு ஆங்கில வரிகளையும் எல்லோரும் தடுமாறாமல் வாசித்தால் பக்கம் திரும்பும், புதையல் தெரியும். ஒரு கண் நகர்ந்தாலும் புத்தகம் மூடிவிடும். பிறகு அடுத்த வெள்ளிக்கிழமைதான். முதல் வாரத்தைப் பல்லி கெடுத்தது. இரண்டாம் வாரத்தைச் சத்துணவு முட்டையின் வாசம். மூன்றாம் வாரம் ஜன்னலில் குரங்கு. அன்று முதலில் திரும்பியது டீச்சர்தான் என்று பதினேழு சாட்சிகள் உண்டு; அவர் ஒப்புக்கொள்வதில்லை. பாடப்புத்தக ஆங்கிலத்தைக் கண்டால் வயிற்றுவலி வரும் பிள்ளைகள் இந்த நாலு வரியைப் பாண்டி ஆடும்போதும் முணுமுணுக்கிறார்கள்.

வெளிநாட்டுப் பேயைக் காட்டிப் பிள்ளைகளைக் கெடுக்கிறார் என்று மனு எழுதியவர் அதே வகுப்பில் படிக்கும் அபியின் அப்பா. போலீஸ்காரர். பெயர் சுடலையாண்டி. குலசாமி சுடலைமாடனோடு பிறந்ததிலிருந்து ஒத்துப்போகிறவருக்கு அயர்லாந்துக்காரர்தான் ஆகவில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் நேரில் வந்து பார்ப்பார், அவருக்குப் பிடிக்காவிட்டால் புத்தகம் பீரோவுக்குள் போய்விடும் என்றாயிற்று. தலைமையாசிரியர் தில்லைநாயகம் ஒரு வாரமாக ஒன்றையே சொன்னார்: "அதிகாரி வந்ததும் பிள்ளைய எந்திரிச்சு வணக்கம் சொல்லணும் தாயீ. பாதிக் கோவம் அதுலயே போயிரும்." டீச்சரும் பழக்கிவைத்தார்.

அதிகாரி வந்தது வெள்ளிக்கிழமை, பன்னிரண்டாம் பக்கத்தில், இரண்டாம் வரியில்.

ஒருவரும் எழவில்லை. வாசலில் நின்ற தில்லைநாயகம் இரண்டு முறை தொண்டையைச் செருமினார். மூன்றாவது செருமல் பழைய பஸ் கிளம்புவதுபோல் இருந்தது. பதினேழு முதுகும் அசையவில்லை. டீச்சருக்கு வாசல் நேர் எதிரே, நிமிர்ந்தாலே போதும். புத்தகத்தை மூடி "எந்திரிங்க" என்றால் மரியாதை பிழைக்கும், நாலாவது வாரமும் போகும். படத்தின் மேல்விளிம்பில் இருந்த அவர் பார்வை அங்கேயே இருந்தது.

அபிதான் வாயைத் திறந்தாள், முகத்தைத் திருப்பாமல். "வணக்கம் ஐயா. கோவிச்சுக்கிடாதிய. இப்பம் திரும்புனா அண்ணாச்சி போயிருவாவ."

"எந்த அண்ணாச்சி?" என்றார் அதிகாரி.

பதினேழு விரல்கள் நீண்டன. அவர் உள்ளே வந்து குனிந்து பார்த்தார். டீச்சர் நிமிராமலே விதியைச் சொன்னார். ஐயாவும் பார்த்துவிட்டபடியால் இனி ஐயாவுக்கும் அது பொருந்தும் என்பதையும் சேர்த்துச் சொன்னார். பிள்ளைகள் மூன்றாம் வரியைத் தொடங்கினார்கள். அதிகாரியின் கை பின்னால் துழாவி ஒரு பெஞ்சைக் கண்டுபிடித்தது. உட்கார்ந்தார்.

தில்லைநாயகத்துக்கு வேர்த்துவிட்டது. அதிகாரியின் காதருகே போய், "ஐயா, இத இன்னையோட நிப்பாட்டிருதோம்" என்றார்.

அதிகாரி பார்வையை எடுக்காமல் உள்ளங்கையை மட்டும் அவர் பக்கம் உயர்த்தினார். "சும்மா இரும்வே. இன்னும் ஒரு வரிதான் இருக்கு."

மங்களேஸ்வரி டீச்சர் புத்தகத்தை அவருக்கும் தெரியும்படி இரண்டு விரற்கடை சாய்த்துப் பிடித்தார்.