சேவியர் ஆடிப் பார்க்காத கடைசி லெவல்

உப்பளம் பகுதியில் எங்கள் வீடியோ கேம் அலுவலக வாசலில் வண்டியை நிறுத்தும்போது சேவியரின் மனைவி மேரியின் போன் வந்தது. "அண்ணே, அவரு காலையில போய்ட்டாருண்ணே."

அவரோடு வேலை பார்த்தவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். ஒரு காலத்தில் டிவியில் மாட்டி ஆடிய, பள்ளம் பள்ளமாகத் தாண்டி ஓடும் அந்த விளையாட்டைக் கையடக்கக் கருவிக்காகப் புதிதாகச் செய்தோமே, அதைச் சோதிக்கும் பொறுப்பு அவருடையது. ஒவ்வொரு லெவலையும் ஒருமுறைகூடச் சாகாமல் முடித்தால்தான் கையெழுத்துப் போடுவார். "சின்ன ஸ்கிரீன்ல எதிர்க்கரை தெரியாது. தெரியாத எடத்துக்கு ஒருத்தன குதிக்கச் சொல்றது பாவம்யா" என்பார்.

சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் டயாலிசிஸ். இடது கையில் ஊசி இருக்கும். அங்கேயும் கருவியோடு போவேன். ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொள்வோம். "நீ நட, நான் குதிக்கிறேன்" என்பார். நான் நேராகப் பள்ளத்தில் கொண்டுபோய் விடுவேன். "நடக்கவே தெரியல, ஒனக்கெல்லாம் எவன்யா வேல குடுத்தான்?" நர்சுகள் சிரிப்பார்கள்.

வெளியீட்டுக்கு முந்தைய வாரம் அவரால் தலை தூக்க முடியவில்லை. கடைசி லெவல் மட்டும் பாக்கி. "முழுசா ஆடிப் பாத்துட்டியா?" என்று கேட்டார். பாதிதான் பார்த்திருந்தேன். மச்சினன் வீட்டு விசேஷத்துக்கு நேரமாகியிருந்தது. "பாத்துட்டேன்" என்றேன். நம்பிக் கையெழுத்துப் போட்டார்.

விளையாட்டு வெளியானதும், கடைசிப் பள்ளத்தை யாராலும் தாண்ட முடியவில்லை. எதிர்க்கரை ஓர் அடி தள்ளி இருந்தது. அலுவலகக் கூட்டத்தில் யார் சோதித்துப் பார்த்தது என்று கேட்டார்கள். சேவியர் என்னை ஒருமுறை பார்த்தார். "நான்தான் சார். சரியா பாக்கல" என்றார். நான் வாயைத் திறக்கவில்லை. அவருடைய வேலை போனது, அதோடு மருத்துவக் காப்பீடும். மூன்று நாள் டயாலிசிஸ் இரண்டானது.

பிறகு ஒருமுறைதான் குருசுக்குப்பத்தில் அவர் வீட்டுக்குப் போனேன். "அந்தப் பள்ளத்த சரி பண்ணிட்டீங்களா? யாரு ஆடிப் பாத்தது?"

"நான்தான்."

"நெசமாவா?"

அன்று சொன்னது உண்மை. அவர் நம்பவில்லை.

அடக்கத்தன்று மேரி சொந்தக்காரர்களிடம் என்னைக் காட்டி, "ஆஸ்பத்திரியில அவருகூட இருந்தது இந்த அண்ணன்தான்" என்றாள். தலையாட்டினேன். மேரியும் இதைப் படிக்கட்டும்.

சேவியருடையது என்று என்னிடம் இருப்பது அவருடைய பதவி. அவருக்கு வேலை போன மறுவாரமே எனக்குக் கொடுத்தார்கள். வேண்டாமென்று நான் சொல்லவில்லை.