இடப்பக்கம் சாய்ந்த தையல்

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது நான்கு, வளர்த்தது ஐந்து. ஐந்தாவது என் மூத்த மகளின் மகள். தாய் மௌத்தாகும்போது இவள் பால்குடி மறக்கவில்லை. இப்போது இவளுக்குக் கலியாணம் பேசி முடிந்திருக்கிறது. நான் சொல்லச் சொல்ல இதை எழுதுவதும் இவள்தான். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம். குர்ஆன் ஓதுவேன், என் பெயரை எழுதுவேன், பஸ்ஸின் நெற்றியில் இருக்கும் ஊர்ப் பெயரை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். அதற்கு மேல் எனக்குத் தேவைப்படவும் இல்லை. கதைக்கிற மாதிரி எழுதாதே, புத்தகத்தில் வருகிற மாதிரி எழுது என்று சொல்லியிருக்கிறேன். என் சொல்லை ஊரார் பார்த்துச் சிரிக்கக்கூடாது.

எங்கள் வீடு மருதமுனையில். என் புருஷன் தறி வைத்திருந்தார், ஆண்கள் உடுத்தும் சாரன் நெய்தார். தறியில் பாவு நூல் முடிகிற இடத்தில் ஒரு துண்டு மிஞ்சும். விற்க ஏலாது, வீசவும் மனம் வராது. அந்தத் துண்டுகளைச் சேர்த்துத்தான் நான் போர்வை தைப்பேன். அடியில் ஒரு பழைய பருத்திச் சேலை, நடுவில் கிழிந்த பெட்சீட், மேலே சாரன் துண்டுகள். ஒவ்வொரு துண்டின் ஓரத்தையும் நகத்தால் மடித்து அழுத்தி, ஊசியைச் சரித்துச் சரித்துப் போட்டு மூன்றையும் ஒன்றாகப் பிடிக்க வேண்டும். நான் வலக்கைக்காரி, என் தையல் வலப்பக்கம் சாயும். ஒன்றுக்கொன்று இடைவெளி மாறாது. எங்கள் தெருவில் என் தையலுக்குக் குறை சொன்ன ஆள் இல்லை.

பிள்ளைகள் நாலு பேருக்கும் கலியாணத்துக்கு ஒவ்வொரு போர்வை என்று நினைத்திருந்தேன். எங்கள் பக்கம் வீடு பெண்ணுக்கு. ஆண்பிள்ளைதான் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போவான். என் மகன்மார் வெறுங்கையோடு போய் நின்றார்கள் என்று பேச்சு வரக்கூடாதல்லவா? ஆனால் நினைத்தது நடக்கவில்லை. புருஷனுக்கு வருத்தம் வந்து படுக்கையில் விழுந்தார், அதற்குப் பிறகு மௌத்து வந்தது. இளைய மகளின் போர்வை ஒன்றுதான் நேரத்துக்கு முடிந்தது. அவள் அதை லண்டனுக்குக் கொண்டுபோனாள். மற்ற மூன்றும் பாதியில் தகரப்பெட்டிக்குள் போய்விட்டன.

அந்த மூன்றில் மூத்தவளின் போர்வை வேறு மாதிரி. அவள் கலியாணம் முடித்துப் பிள்ளை வயிற்றில் இருக்கும்போது, “என்டத நானே தைக்கிறன், நீங்க கை வைக்காதீங்க உம்மா” என்று வாங்கிக்கொண்டாள். ஒரு பக்க ஓரம் முழுக்க அவள் தைத்தது. அவள் இடக்கைக்காரி. தையல் இடப்பக்கம் சாயும், ஒன்று நீளம், ஒன்று குட்டை. பிள்ளை பிறந்து கொஞ்சக் காலத்தில் காய்ச்சல் வந்து அவள் போய்விட்டாள்.

மௌத்தானவர்களின் உடுப்பை நாங்கள் வீட்டில் வைத்துக்கொள்வதில்லை. இல்லாதவர்களுக்குக் கொடுத்துவிடுவோம், அந்த நன்மை கபுறுக் குழியில் அவர்களுக்குப் போய்ச் சேரும். மூத்தவளின் உடுப்பையெல்லாம் நானே மடித்து, நானே கொடுத்தேன். சீப்பைக்கூட வைத்துக்கொள்ளவில்லை. அடையாள அட்டைப் படம் ஒன்று கிடக்கிறது. அதில் முகம் இருக்கிறது, கை இல்லை. அவளுடைய கை பட்டதென்று இந்த உலகத்தில் மிஞ்சியது அந்தத் தையல் ஓரம் ஒன்றுதான். பேத்தி சின்னப்பிள்ளையாக இருக்கும்போது, என் உம்மாவுடையது ஒன்றுமே இல்லையா என்று கேட்டு அழுவாள். “இரிக்கி. உன்ட கலியாணத்துக்குப் போர்வைய முடிச்சித் தருவன். உன்ட உம்மாட தையல நீ கையால தொட்டுப் பாக்கலாம்” என்பேன். இவள் அதை மறக்கவே இல்லை.

எனக்குச் சீனி வருத்தம். ஒரு கண் மங்கிவிட்டது. மற்றக் கண்ணையும் இனிப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அதனால் இந்த வருஷம் பெட்டியைத் திறந்தேன். மூன்றையும் முடித்துவிட்டுத்தான் கண்ணை விடுவேன் என்று நினைத்தேன்.

முதலில் பெரிய மகனின் போர்வை. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு அக்கரைப்பற்றிலிருந்து மனைவியோடு வந்தான். கொடுத்தேன். விரித்துப் பார்த்துச் சிரித்தான்.

“என்ன உம்மா, தல நரச்ச பொறகு எனக்குக் கலியாணச் சாமானா?”

மருமகள் விடவில்லை. “மாமி இன்னம் உங்கள புது மாப்புள எண்டுதான் நினைச்சிக்கிட்டு இரிக்காங்க. இந்த வயித்த அவங்க காணல்ல போல.”

“இந்த வெக்கைக்கு இதப் போத்தினா நான் அவிஞ்சி போயிருவன்.”

“ஏசி பூட்டின அறையிலதானே படுக்கிற, போத்து. வாங்கிட்டுக் கதைக்காத” என்றேன்.

போகும்போது அதை வேனின் முன் சீட்டில் தன் மடியில் வைத்துக்கொண்டு போனான். சின்னவன் கொழும்பிலிருந்து ஒரு சனிக்கிழமை வந்தான். அவன் போர்வை அவன் வந்து இருக்கும்போதே முடிந்தது, அவனே எனக்கு ஊசியில் நூல் கோர்த்துத் தந்தான். அவனுக்குச் சிரிப்பு வராது. மடித்து எடுத்துக்கொண்டு, “நல்லா இரிக்கி உம்மா” என்றான். அது அவனுக்குப் பெரிய கதை.

மூத்தவளின் போர்வையைக் கடைசிக்கு வைத்தேன். அவள் தைத்த ஓரத்தைத் தவிர மற்ற மூன்று பக்கமும், நடுவும் நான் தைக்க வேண்டியிருந்தது. ஒரு துண்டு தைத்தால் ஒரு நாள் போய்விடும். அப்போதுதான் இளைய மகள் பிள்ளைகளின் பள்ளிக்கூட லீவுக்கு லண்டனிலிருந்து வந்தாள். வந்தவள் எங்களை வீட்டில் இருக்க விடவில்லை. அறுகம்பேயில் கடற்கரையோடு ஒரு வீடு எடுத்திருந்தாள். பலகையும் கிடுகும் வைத்துக் கட்டியது, கபானா என்று சொல்கிறார்கள். சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போன பிறகு நான் கரையில் படுத்ததில்லை, வரமாட்டேன் என்றேன்.

“உம்மா, ரெண்டு நாள்தானே. நான் கதவடியில படுக்கிறன். கடல் வந்தா முதல்ல என்னத்தான் கொண்டுபோகும், நீங்க எழும்பி ஓடுங்க.”

“வாய வச்சிக்கிட்டுச் சும்மா இரி புள்ள” என்று ஏசிவிட்டு, போர்வையை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஏறினேன்.

அங்கே எனக்கு நல்லாத்தான் இருந்தது. அதைச் சொல்லாமல் விட்டால் பொய். காலையில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் அலையில் சறுக்குகிற பலகையைத் தலையில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போவதைப் பார்த்துக்கொண்டு முன் வராந்தாவில் இருந்து தைத்தேன். மகள் மீன் வாங்கி ஆணம் காய்ச்சினாள். லண்டனில் இருந்தும் கை மறக்கவில்லை. லுஹர் தொழுதுவிட்டுச் சாப்பிட்டுப் படுத்தேன். பேத்தி மகளின் பிள்ளைகளோடு கரையில் நின்றாள். நான் படுக்கும்போது மகள், “நீங்க தூங்குங்க, நான் கொஞ்சம் தைக்கிறன்” என்றாள். தைக்கட்டும் என்று விட்டேன். அவளுக்குத் தையல் பழக்கினதும் நான்தான். கோணல் தையலை விட்டுவைக்காதே, பிரித்துவிட்டுத் திரும்பத் தை என்று பழக்கினேன்.

அஸர் தொழுகைக்கு எழும்பி வந்தேன். போர்வை அவள் மடியில் கிடந்தது. அவள் புதுப் பெண் மாதிரிச் சிரித்தாள்.

“உம்மா, இந்தப் பக்கத்தக் கொஞ்சம் சரிக்கட்டிப்போட்டன்.”

“எந்தப் பக்கம்?”

“இந்த ஓரம். எல்லாம் கோணலாக் கிடந்திச்சி. உங்கட கண்ணு ஏலாமப் போன நேரம் தைச்சிருக்கீங்க எண்டு நினைச்சன். மாப்புள ஊட்டாக்கள் சாமான் பாக்க வாற நேரம் உங்கட தையலக் கதைக்கப்படாதெல்லா? எல்லாத்தயும் பிரிச்சிட்டன். அரைவாசி புதுசாத் தைச்சும் போட்டன். பாருங்க, உங்கட தையல் மாதிரியே.”

கையால் தடவிப் பார்த்தேன். வலப்பக்கம் சாய்ந்த தையல். அளவெடுத்த மாதிரி. மிச்ச இடத்தில் துண்டு திறந்து கிடந்தது.

“அது உன்ட ராத்தா தைச்சது, மூத்தவ” என்றேன்.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினதும் முகம் வெளுத்துப்போனது. “ராத்தாவா? நீங்க சொல்லவேயில்லயே உம்மா. ஒரு நாளும் சொல்லல்லயே.”

உண்மைதான், சொல்லவில்லை. மூத்தவள் தைக்கும்போது இளையவள் லண்டனில் இருந்தாள். மூத்தவள் மௌத்தான பிறகு நான் பிள்ளைகளுக்கு முன்னால் அவளைப் பற்றிக் கதைத்தது குறைவு. என் அழுகையை யாரும் பார்க்க வேண்டாம் என்று இருந்துவிட்டேன். பேத்திக்கு மட்டும்தான் அந்த ஓரத்தின் கதை தெரியும்.

“நூல் எங்க?” என்று கேட்டேன்.

“உதறிப்போட்டன் உம்மா. இந்தா, இதில நிண்டுதான்.”

கச்சான் காற்றுக் காலம். தரையிலிருந்து கடலுக்கு அடிக்கிற காற்று. அப்படியே இறங்கி மணலில் முழங்காலில் இருந்து தேடினேன். வெள்ளை நூல், வெளுத்த மணல், மங்கின கண். மகளும் வந்து குனிந்து அழுது அழுது தேடினாள். ஒரு வெள்ளைக்காரப் பிள்ளை வந்து, பலகையைக் கீழே வைத்துவிட்டு எங்களோடு குனிந்தாள். தன் விரலில் மோதிரம் போடுகிற மாதிரிக் காட்டி, அதுவா என்று கேட்டாள். இல்லை என்று தலையாட்டினேன். ஆனாலும் அவள் போகவில்லை. எதைத் தேடுகிறோம் என்று தெரியாமலே கனநேரம் தேடினாள்.

பேத்தி கரையிலிருந்து வந்தாள். “என்ன உம்மம்மா தேடுறீங்க?”

நான் மணலைத் தடவிக்கொண்டே இருந்தேன். மகள்தான் சொன்னாள். “மன்னிச்சிக்க மகள். சாச்சி தெரியாமச் செஞ்சிட்டன்.”

இவள் போர்வையைப் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து என் கையைப் பிடித்துத் தூக்கினாள். “எழும்புங்க. மணல் சுடுது. நூலத் தேடி எடுத்து என்ன செய்ற?” என்றாள். குரலில் ஒன்றும் இல்லை. நான் வளர்த்த பிள்ளை, யாருக்கும் முன்னால் அழமாட்டாள். அன்றைக்கு அவள் அழுதிருக்கலாம் என்று எனக்கு இருந்தது.

மகளை நான் ஏசவில்லை. ஏசியிருந்தால் அவளுக்குச் சுகமாக இருந்திருக்கும். லண்டன் போகும் நாள் என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு, “என்னப் பொருந்திக்கங்க உம்மா, என்ட பிழைய மன்னிச்சிருங்க” என்றாள். “பொருந்தினன்” என்றேன். வாயால் சொன்னது. உள்ளேயும் அப்படித்தானா என்று கேட்டால், இன்னும் அல்லாஹ்விடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவள் மீதும் பிழை இல்லை. என்னைக் காப்பாற்றத்தான் பிரித்தாள்.

வீட்டுக்கு வந்து, திறந்து கிடந்த இடத்தில் இடக்கையால் தைத்துப் பார்த்தேன். ஊசி விரலில் ஏறியது. தையல் இடப்பக்கம்தான் சாய்ந்தது, ஆனால் அது அவள் தையல் இல்லை. ஒரு கிழவியின் வராத தையல். பிரித்துவிட்டேன். வலக்கைக்கு ஊசியை மாற்றி, எனக்குத் தெரிந்த மாதிரித் தைத்து முடித்தேன்.

போன கிழமை மாப்பிள்ளை வீட்டுப் பெண்கள் வந்தார்கள். போர்வையை விரித்துப் பார்த்து, “மெசின்ல போட்ட மாதிரி ஒரே அளவு. உங்கட கைதான் கை மாமி” என்றார்கள். வேறு நாள் என்றால் நான் அதைக் கேட்டுத் தலையை நிமிர்த்தியிருப்பேன். எழும்பித் தண்ணீர் குடிக்கப் போனேன்.

அவர்கள் போன பிறகு பேத்தி போர்வையைக் கொண்டுவந்து என் முன்னால் விரித்தாள். “என்ட உம்மா தைச்ச பக்கம் எது?”

என் கையால் தொட்டுக் காட்டினேன். “இதில இருந்து இந்த மூல மட்டும்.”

“எப்பிடி இருந்த எண்டு சொல்லுங்க. ஒண்டு விடாமச் சொல்லுங்க, நான் எழுதுறன்.”

சொல்கிறேன். நீலச் சாரன் துண்டில்தான் தொடங்கினாள். முதல் தையல்கள் சின்னச் சின்னதாக, எனக்குக் காட்டுவதற்காகக் கவனமாகப் போட்டது. சிவப்புக் கோடு வருகிற இடத்தில் அவசரம் வந்துவிட்டது, நீள நீளமாகப் போகும். அந்தக் கோட்டின் நடுவில் மூன்று தையல் ஒன்றின் மேல் ஒன்றாக இருந்தது. கரண்ட் போன நேரம் இருட்டில் போட்டது. “கண்ணத் திறந்தும் ஒண்டுதான், மூடியும் ஒண்டுதான், நான் தைப்பன்” என்று சிரித்தாள். பச்சைத் துண்டில் நூல் இறுக்கம், துணி சுருங்கியிருக்கும். அன்றைக்கு என்னோடு கோபம். பிறகு ஒரு விரல் அளவுக்குத் தையலே இல்லாத இடம். வயிற்றுக்குள் நீ முதன்முதலாக உதைத்தது அந்த இடத்தில்தான். ஊசியைப் போட்டுவிட்டு என் கையை இழுத்து வயிற்றில் வைத்தாள். திரும்ப எடுக்கும்போது எங்கே விட்டோம் என்று அவளுக்குத் தெரியவில்லை, கொஞ்சம் தள்ளித் தொடங்கிவிட்டாள். பிரித்துவிட்டுச் சரியாகத் தை என்றேன். மாட்டேன் என்றாள். கடைசி மூலையில் முடிச்சு பெரிது. கொண்டைக்கடலை மாதிரி. அவளுக்கு முடிச்சுப் போட ஒரு நாளும் வரவில்லை.

இவளுடைய பேனை நின்று நின்று போகிறது. தாளில் சொட்டிவிடாமல் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டிருக்கிறாள். திருப்பட்டும், நான் பார்க்கவில்லை.

எங்க மகள், முகத்தத் துடைச்சிக்கிட்டு முதல்ல இருந்து வாசி. மெல்ல வாசி, எனக்கு அவசரமில்ல. உன்ட உம்மாட தையல் வாற இடத்தில நான் எதையும் விட்டிரிந்தா, நிப்பாட்டிச் சொல்லுறன்.