வெள்ளக்கடைச் சுவரில் நான் வரைந்த டானிக் பாட்டில்

1. நன்றி சொன்னவர்

சுவர் விளம்பரம் எழுதுகிறவனுக்கு யாரும் நன்றி சொல்வதில்லை. எனக்கு ஒருவர் தேடிவந்து சொன்னார். அவர் ஒரு போலி டாக்டர்.

எண்பதுகளின் கடைசி வருடங்கள். ஏற்காடு மலையில் அவர் வேனில் வந்து, காசநோயை ஒரே மாதத்தில் தீர்க்கும் என்று ஒரு டானிக் விற்றார். எஸ்டேட் ஆட்கள் அரசு மாத்திரையை நிறுத்திவிட்டு அதைக் குடித்தார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் ரோஸ்லின் சிஸ்டர் விளம்பரம் செய்தே இதைத் தடுக்க வேண்டும் என்று முடிவெடுத்தார். சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு மூன்று வாரம் இருந்தது. அங்கே வேன் கட்டாயம் நிற்கும். அதற்குள் வெள்ளக்கடை பஸ் நிறுத்தம், ரேஷன் கடை, காபிப் பழம் எடை போடும் ஷெட்டு ஆகிய மூன்று சுவர்களிலும் எழுத வேண்டும் என்று திட்டம்.

அதுவரை நான் வரைந்ததெல்லாம் சோடா, பீடி, ஜவுளிக்கடை. அதே கை இங்கேயும் ஓடியது. நான்கடி உயரத்தில் டானிக் பாட்டில், கண்ணாடிக்கு ஷேடு, மூடிக்கு ஹைலைட். கீழே, ‘இதை நம்பி ஏமாறாதீர்கள்’ என்று எழுதினேன். பாட்டில் நன்றாக வந்த சந்தோஷத்தில் எழுத்துக்கு இடம் குறைந்துபோனது.

நான்காம் நாள் ஷெட்டுச் சுவருக்கு முன்னால் வேன் வந்து நின்றது.

“ஏனுங்க ஆர்ட்டிஸ்ட், நொம்ப நன்றிங்க,” என்றார் அவர். “எங்கிட்ட இருக்கற பாட்டிலவிட செவுத்துல இருக்கறது நல்லா இருக்குதுங்க. அந்தப் பாட்டிலக் குடுங்கன்னு வந்து கேக்கறாங்க. ஒரு பாட்டில் சும்மாவே தர்றேன், ஊட்டுக்குக் கொண்டுபோங்க.”

நான் பிரஷ்ஷை டப்பாவில் போட்டுவிட்டு நேரே சுகாதார நிலையத்துக்கு நடந்தேன்.

2. செல்லாயி சொன்னது

சிஸ்டரிடம் சொன்னேன். அவர் திட்டவில்லை. “செல்லாயி ஊட்டுக்குப் போலாம் வாங்க,” என்றார்.

செல்லாயி காபி எஸ்டேட்டில் பழம் பறிக்கிறவர். இரண்டு குழந்தைகள். படிக்கத் தெரியாது. மூன்று மாதம் மாத்திரை சாப்பிட்டுவிட்டு நிறுத்தியவர். மறுபடி ஆரம்பிக்காவிட்டால் கிருமி மருந்துக்கே அடங்காமல் போய்விடும், உயிருக்கே ஆபத்து என்று வழியில் சிஸ்டர் சொன்னார்.

“நாங் கேட்டா எனக்குப் புடிச்ச பதிலத்தான் சொல்லும். நீங்களே கேளுங்க,” என்று என்னை முன்னால் தள்ளினார்.

பெண்களிடம் பேசுவது எனக்குப் பெரும்பாடு. சுவரில் போட்ட பாட்டிலையே ஒரு தாளில் வரைந்து நீட்டி, இது என்ன சொல்கிறது என்று கேட்டேன்.

“நல்ல மருந்துன்னு சொல்லுதுங்கண்ணா. கெட்டதா இருந்தா இத்தன அழகாப் போடுவாங்களா?”

மாத்திரையை ஏன் நிறுத்தினீர்கள் என்று கேட்டேன். அவர் தரையைப் பார்த்தார்.

“எப்படிச் சொல்றதுங்க... ஒண்ணுக்குப் போனா செவப்பாப் போவுதுங்க. கவர்மெண்டு மாத்திரை ரத்தத்தக் கரைச்சு வெளிய தள்ளுதுன்னு வேன்காரர் சொன்னாரு. சிஸ்டர்கிட்டக் கேக்க வெக்கமா இருந்துச்சு.”

சிஸ்டர் நெற்றியில் கை வைத்தார். “அது மாத்திரையோட சாயம் சாமி, ரத்தமில்ல. மொத நாளே நாஞ் சொல்லியிருக்கோணும். கூட்டத்துல உட்டுட்டேன்.”

ஊர் முழுக்க வெட்கத்தில் மறைத்து வைத்திருந்த ஒரு பயத்தை வைத்துத்தான் அந்த ஆள் வியாபாரம் செய்திருக்கிறார். நாங்கள் அதைத் தொடவே இல்லை.

3. சரியான நிறம்

புதுத் திட்டத்தைக் கேட்ட சுகாதார நிலைய டாக்டர் முகம் சுளித்தார். “ஒண்ணுக்கப் போயி செவுத்துல வரைவியாப்பா? ஜனங்க சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டுங்க சார். எதுக்குச் சிரிக்கறீங்கன்னு படிக்காதவங்க கேப்பாங்க. படிச்சவங்க சொல்லித்தானே ஆகோணும்,” என்றேன். ஒரு டாக்டரிடம் நான் அவ்வளவு பேசியது அதுதான் முதல் தடவை. அவர் சரி என்றார்.

பழைய பாட்டில் படம் எனாமல் பெயிண்ட்டில் போட்டது; அதை மறைக்க மேலே சுண்ணாம்பு அடித்தால் நிற்காது. மூன்று சுவர்களையும் கம்பி பிரஷ்ஷால் சுரண்டினேன். இரண்டு நாள் மழை. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு சுரண்டினேன்.

இந்தத் தடவை முதலில் தாளில் போட்டேன். ஒரு மாத்திரை, பக்கத்தில் சிவப்புத் துளிகள். செல்லாயி தலையை ஆட்டினார். “ரத்தம் சொட்டற மாதிரியே இருக்குதுங்கண்ணா.” சிவப்பில் மஞ்சள் சேர்த்தேன். “இன்னுங் கொஞ்சம்.” மறுபடி சேர்த்தேன். “இதுதானுங்க,” என்றவர் முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு சிரித்தார்.

அந்த நிறத்தையே சுவரில் ஏற்றினேன். பாட்டில் இல்லை. மாத்திரை, அந்த நிறத்தில் தரையில் தேங்கிய சிறுநீர், கூடையோடு நிமிர்ந்து நிற்கும் ஒரு பெண். ‘இது மாத்திரையின் சாயம். ரத்தம் அல்ல. நிறுத்தாதீர்கள்’ என்று ஒரு முழ உயர எழுத்தில் எழுதினேன்.

திருவிழாவில் வேன் நின்றது. வியாபாரமும் கொஞ்சம் நடந்தது, மறுக்க முடியாது. ஆனால் வேனுக்கு எதிரில், மாத்திரையை மறுபடி ஆரம்பித்திருந்த செல்லாயி நின்று, கூட்டத்தில் ஒருவரிடம் சத்தமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்: “எனக்கும் அப்படித்தானுங்க போவுது. சாயந்தானாமுங்க. எடை ஷெட்டுல படமே போட்டிருக்குது, போய்ப் பாருங்க.” வேன்காரர் மைக்கின் சத்தத்தைக் கூட்டினார். செல்லாயியும் கூட்டினார்.

முதலிலிருந்து தொடங்கிய அந்த மாத்திரையை அவர் ஒரு நாள் விடாமல் முடித்தார். கடைசிச் சளிப் பரிசோதனையில் கிருமி இல்லை.

இப்போது இந்தத் தொழிலுக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான். மோசடியைப் பற்றி விளம்பரம் செய்யும்போது மோசடிக்காரனின் சரக்கை வரையாதீர்கள். ஏமாந்தவர் எதற்குப் பயந்தார் என்று அவரிடமே கேட்டு, அதை வரையுங்கள். வரைந்த தாளை முதலில் அவரிடம் காட்டுங்கள். அவர் ‘இதுதானுங்க’ என்று சொன்ன பிறகு சுவருக்குப் போங்கள்.