செத்துப்போன ரொக்கெட்

புளத்கொகுபிட்டியவுக்கு மேலே எங்கள் தோட்டத்தில் ரப்பர் பால் வெட்டியவன் இந்திரகுமார். லயத்து வரிசை வீடுகளில் எனக்கு அடுத்த காம்பராக்காரன். பொழுது சாய்ந்தால் மற்ற ஆம்பிளைகள் கள்ளுக்கடைப் பக்கம் போவார்கள்; இவன் மேட்டில் ஏறி வானத்தைப் பார்ப்பான். ஏதோ பத்திரிகையில் செயற்கைக்கோள்களைப் பற்றிப் படித்ததில் பிடித்த பைத்தியம்.

"ஒரே வெளிச்சமா போனா அது வேலை செய்யுதுண்ணே. மினுங்கி மினுங்கி அணைஞ்சா செத்துப்போன ரொக்கெட்டு. கேக்க ஆளில்லாம உருண்டுகிட்டே சுத்துது. மேல பூரா குப்பை" என்பான்.

"இங்க வாசக் குப்பைய அள்ளவே ஆளில்ல" என்று அவன் பெண்சாதி கிருஷ்ணகுமாரி சிரிப்பாள். ஆனாலும் உள்ளுக்குள் அவளுக்குப் புருஷனைப் பற்றிப் பெருமைதான்.

புலிகளின் விமானம் கட்டுநாயக்கா விமானத்தளத்தில் குண்டு போட்ட வருடம் அது. வானத்தை அண்ணாந்து பார்க்கும் தமிழன் என்ன ஆவான் என்று இவனுக்கு உறைக்கவில்லை. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டான். மேட்டில் நின்று மேலே கைகாட்டியதை யாரோ போட்டுக்கொடுக்க, பொலிஸ் வந்து கொண்டுபோய்விட்டது.

மறுநாள் கிருஷ்ணகுமாரி என்னையும் கூட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனாள். அவனைக் கூட்டிக்கொண்டுதான் திரும்புவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். கம்பிக்குள் கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்தான்.

"குப்பை பார்த்தானாம். எனக்கே காது குத்துகிறான்" என்றார் இன்ஸ்பெக்டர் சிங்களத்தில்.

கிருஷ்ணகுமாரியும் சிங்களத்திலேயே மன்றாடினாள். "பொய்யில்லங்க மாத்தயா. இப்ப தெனமும் அந்தியில வருது. இன்னைக்கும் வரும். அவரே காட்டுவாரு, ஒருக்கா பாருங்க."

பொழுது சாய்ந்ததும் அவனை முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். அவன் வடக்கு மலையைக் காட்டி, "அங்கேருந்து இப்ப வரும்" என்றான். வந்தது. மினுங்கி, அணைந்து, மறுபடி மினுங்கி, தலைக்கு மேலே போய்த் தென்னைகளுக்குப் பின்னால் மறைந்தது. இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பார்த்தார். கிருஷ்ணகுமாரி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் அப்பாடா என்றிருந்தது.

"நாளைக்கு?" என்று கேட்டார்.

"நாளைக்கு இன்னும் கொஞ்சம் முந்தி வருங்க மாத்தயா, இந்தப் பக்கமா." வீங்கிய முகம் முழுக்க அவனுக்குச் சந்தோஷம்.

இன்ஸ்பெக்டர் கான்ஸ்டபிள் பக்கம் திரும்பினார். "வானத்தில் எது எப்போது வரும் என்று தெரிந்தவன். இப்படி ஒருவனைத்தான் கொழும்பில் தேடுகிறார்கள். ஜீப்பை எடு."

கிருஷ்ணகுமாரி ஓடிப்போய் அவர் காலில் விழுந்தாள். "அவருக்கு ஒன்னுமே தெரியாதுங்க மாத்தயா! வாய்க்கு வந்ததச் சொன்னாரு, அது தானா வந்திருச்சு. நான்தான் பொய் சொன்னேன்."

ஜீப்பில் ஏற்றும்போது இந்திரகுமார் அவளைத் திரும்பிப் பார்த்தான். அவள் நிறுத்தவில்லை. "மடையன் மாத்தயா, ஒன்னுந் தெரியாத மடையன்" என்று கத்திக்கொண்டே ஜீப்புக்குப் பின்னால் ஓடினாள்.