தேருக்குச் சூடு பண்ணாத மாத்திரை

துணை சுகாதார நிலையத்து வாசலில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள் அலமேலு. இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன். சுண்ணாம்பு அடித்ததுபோல வெளுத்திருந்தது. எண்பதுகளின் கடைசியில், கான்சாபுரம் பக்கம் நான் கிராம சுகாதார செவிலியராக இருந்த காலம் அது. அலமேலு மூன்று பிள்ளை பெற்றவள், வயல் வேலைக்குப் போகிறவள். கடைசிப் பிள்ளைக்குப் பிறகு கருத்தடைக்குக் காப்பர்-டி போட்டிருந்தாள்.

காப்பர்-டியைக் குறை சொல்ல மாட்டேன். போட்டுக்கொண்டால் பல வருஷத்துக்குக் கவலையில்லை. ஆனால் சிலருக்கு உதிரப்போக்கு அதிகமாகும். ரத்தம் குறைந்த உடம்புக்கு அது ஆகாது. இந்தப் போக்கையும் அவள் உடம்பு தாங்காது, இன்னொரு பிரசவத்தையும் தாங்காது. இதுதான் சிக்கல்.

பி.பி. பார்த்தேன், சரியாக இருந்தது. "காப்பர்-டியை எடுத்திரலாம். மாலா-டி கருத்தடை மாத்திரை சாப்பிடு. மொதல்ல கொஞ்சம் கொமட்டும், பொறவு சரியாயிரும். போக்கும் கொறையும். ஒருநாளும் மறக்கக் கூடாது" என்றேன்.

கூட வந்த மாமியார் விடவில்லை. "அந்த மாத்திர சூடு நர்சம்மா. கர்ப்பப்பை வெந்து போவும்."

"அப்படின்னா உங்க மகன்கிட்ட நிரோத் உறை குடுத்து விடுதேன்."

"சீ, என்ன பேச்சு பேசுதிய!"

அலமேலுவுக்குக் குடும்பக் கட்டுப்பாட்டு ஆபரேஷன் செய்யலாம் என்றால், ரத்தம் ஏறாமல் கத்தி வைக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மிச்சம் இருந்தது ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன், வாசெக்டமி. சின்ன வேலை. அலமேலுவின் உடம்பை யாரும் தொட வேண்டியதே இல்லை. அவள் கணவர் ராஜபாளையத்தில் பஞ்சு குடோனில் மூட்டை தூக்குபவர். அவரை வரவழைத்துப் படம் காட்டி விளக்கினேன்.

"எனக்கு எதையாவது வெட்டி விட்டுட்டா பலம் போயிருமே சிஸ்டர்?"

"போகாதுய்யா. மூட்டை தூக்குறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

தலையாட்டிவிட்டுப் போனார். போனவர் போனவர்தான். தொண்டைத் தண்ணீர் வற்றியதுதான் மிச்சம்.

அடுத்த மாதம் மாமியாரே அலமேலுவை இழுத்துக்கொண்டு வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேர் வரப்போகிறது. மருமகள் வடம் பிடிப்பதாக வேண்டுதல். கணக்குப் பார்த்தால் தேர் அன்று அவளுக்கு மாதத் தீட்டு.

"தள்ளிப்போற மாத்திர இருக்காம்ல? அதக் குடுங்க."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. "அதுவும் நான் அன்னைக்குச் சொன்ன மாத்திரையும் ஒரே இனம் ஆச்சி! நீங்க வேண்டாம்னு சொன்னியளே, அந்த மாலா-டியை வச்சே தள்ளிப் போடலாம்."

அவர் கொஞ்சமும் அசரவில்லை. "சாமி காரியத்துக்குச் சாப்பிட்டா சூடு பண்ணாது."

வருஷா வருஷம் ஆடியில் இதே மாத்திரைக்கு வரிசையில் நிற்பார்கள். ஆவணியில் அது விஷமாகிவிடும். இவர்களோடு என்னத்தைப் பேச?

டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, காப்பர்-டியை எடுத்துவிட்டு மாத்திரையைத் தொடங்கினேன். தேர் முடியும்வரை அட்டையின் கடைசி வரிசை நிற மாத்திரைகளை விட்டுவிட்டு, தீட்டைத் தள்ளிப்போடும் வெள்ளை மாத்திரையையே இடைவெளி விடாமல் சாப்பிடச் சொன்னேன். ரத்தம் ஏற இரும்புச்சத்து மாத்திரையும் கொடுத்தேன். அலமேலு வடம் பிடித்தாள். தேர் முடிந்தும் நிறுத்தவில்லை. மாமியார் கேட்டால், வேண்டுதல் இன்னும் பாக்கியிருக்கிறது என்று சொன்னாளாம். தை பிறப்பதற்குள் முகத்தில் ரத்தம் ஓடியது.

அதைக் கணவரும் பார்த்திருக்கிறார். ஒருநாள் அவளை அழைத்துக்கொண்டு சிரித்தபடி வந்தார். "இப்ப ஒடம்பு தேறிட்டால்ல சிஸ்டர். இவள ஆபரேஷனுக்கு எழுதிருங்க."

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டு அவரை வெளியே உட்காரச் சொன்னேன். கதவைச் சாத்திவிட்டு, "உனக்கு என்ன வேணும்?" என்று அலமேலுவிடம் கேட்டேன். இத்தனை மாதத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி.

இப்போது வேலைக்கு வரும் செவிலியர்களுக்கு நான் சொல்வது இதுதான். எந்த முறையில் என்ன நன்மை, என்ன தொந்தரவு என்று நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள். ஆனால் வாயைத் திறப்பதற்கு முன்னால் வீட்டாரை வெளியே அனுப்பிவிடுங்கள்.

அலமேலு சாத்தியிருந்த கதவை ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "இப்பத்தான் தண்ணிக் கொடம் தூக்குனா கண்ணு இருட்டாம இருக்கு. கொஞ்ச காலம் இப்படியே இருந்துக்கிடுதேனே நர்சம்மா."

அன்று அவளுக்கு எழுதியது மாத்திரைதான்.