விளக்கு வைக்கிற நேரத்துக்குள் ஒரு காலேஜ்

பிளஸ் டூ படிக்கிற பிள்ளைக்குத் தகப்பனாக இருப்பது முழுநேர உத்தியோகம். என்ன வேலை என்று மட்டும் கடைசிவரை யாரும் சொல்வதில்லை. பாடம் சொல்லிக்கொடுக்கலாம் என்றால் பாடம் நமக்கே புரியாது. பேசாமல் இருக்கலாம் என்றால், "இப்படி உட்கார்ந்திருந்தா எப்படி?" என்பார்கள். பன்னிரண்டாம் வகுப்பு என்று எழுதுவதுதான் முறை என்பது எனக்குத் தெரியும். ஆனால் அப்படி எழுதினால் யாருக்கும் வயிறு கலங்குவதில்லை. பிளஸ் டூ என்றால்தான் கலங்குகிறது. ஆகவே அப்படியே எழுதுகிறேன்.

நான் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் கடிதப் போக்குவரத்துப் பார்க்கிறவன். வீடு ஸ்ரீவில்லிபுத்தூரில். மகள் யாழினிக்கும் பள்ளிக்கூடம் ராஜபாளையத்தில்தான் என்பதால் காலையில் இருவருக்கும் ஒரே பஸ். வேளாண்மைக் கல்லூரியில் சேர வேண்டும், எந்த ஊரில் இடம் கிடைத்தாலும் போக வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்குத் தடை ஒன்றே ஒன்றுதான். அதுவும் எங்கள் வீட்டில் இல்லை, கூமாப்பட்டியில் இருந்தது. இந்த உத்தியோகத்தில் இருந்து மீண்டவர்களும் இனிமேல் மாட்டப் போகிறவர்களும் படித்துப் பாருங்கள்.

கூமாப்பட்டிச் சட்டம்

என் மனைவி செல்வியின் அண்ணன் முத்தையாவுக்குக் கூமாப்பட்டியில் தென்னந்தோப்பு. மாமனார் காலமான பிறகு தங்கையை வளர்த்து, எனக்குக் கட்டிக்கொடுத்தவர் அவர்தான். அவர் சொல்லைச் செல்வி தட்டியதில்லை. தட்டிப் பார்க்கும் தைரியம் எனக்கும் வந்ததில்லை.

தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஒரு சாக்குத் தேங்காயோடு வந்து இறங்கினார். "அடுத்து என்ன பாப்பா படிக்கப் போற?" என்று கேட்டார். "அக்ரி மாமா. விவசாயம்." அவர் தன் உள்ளங்கையை ஒரு தடவை திருப்பிப் பார்த்துக்கொண்டார். "அதுக்கு எதுக்கு நாலு வருசம்? தோப்புக்கு வா, நாலு நாள்ல சொல்லித் தாரேன்." யாழினி விடவில்லை. "தென்னையில பிஞ்சுக் குரும்பை ஏன் மாமா கொட்டுது?" செத்த நேரம் யோசித்துவிட்டு, "அது கொட்டும்" என்றார். "ஏன் கொட்டுதுன்னு படிக்கத்தான் நாலு வருசம்" என்றாள்.

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. படிக்கட்டும் என்று அனுமதி கொடுத்தார். ஆனால் ஒரு நிபந்தனை: எந்தக் காலேஜாக இருந்தாலும், விளக்கு வைக்கிற நேரத்துக்குள் பிள்ளை வீட்டுக்குத் திரும்பிவிட வேண்டும். ஹாஸ்டல் என்ற பேச்சே கூடாது. விளக்கு வைக்கிற நேரம் ஆனியில் ஒன்று, கார்த்திகையில் வேறொன்று, முக்கால் மணி நேரம் வரை வித்தியாசம் உண்டு, அவர் சொல்வது எந்த மாதக் கணக்கு என்று நான் விளக்கம் கேட்டேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு சொன்னார்: "மாப்ள, அதை எப்ப வச்சாலும் வைங்க. வைக்கும்போது பிள்ள வீட்டுல இருக்கணும்."

சின்ன ர

பரீட்சைக்கு முன்னால் பள்ளியில் ஒரு பெயர்ப் பட்டியலைக் காட்டுவார்கள். மதிப்பெண் சான்றிதழில் பெயர் எப்படி அச்சாக வேண்டும் என்று பெற்றோர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். யாழினியின் பெயரில் பிழை இல்லை. பள்ளியில் சேர்த்த நாளிலேயே ழகரத்தைச் சரிபார்த்துத்தானே விட்டேன். ஆனால் கையில் தாள், சட்டைப் பையில் மில் கடிதங்களைத் திருத்துகிற சிவப்புப் பேனா. கண் தானாகக் கீழே இறங்கிவிட்டது. நாலு வரி தள்ளிக் 'கருப்பசாமி' என்று ஒரு பையன். கருப்பு என்றால் பஞ்சம். கறுப்பு என்றால்தான் நிறம். பிள்ளைக்குப் பஞ்சசாமி என்று யாராவது பெயர் வைப்பார்களா? ரகரத்தை அடித்து றகரம் போட்டுவிட்டேன். பக்கத்தில் நின்ற யாழினி, என்னை யாரென்றே தெரியாதது போல ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வகுப்பாசிரியை பட்டியலை வாங்கிப் பார்த்தார். இலக்கணத்தை எடுத்துச் சொன்னேன். முழுவதையும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு சொன்னார்: "சார், ஆதார்ல ஒரு மாதிரி, ரேஷன் கார்டுல ஒரு மாதிரி இருந்து, அந்தப் பையனோட அப்பா மூணு ஆபீஸ் அலைஞ்சு இப்பத்தான் எல்லாத்துலயும் சின்ன 'ர' வாங்கி வச்சிருக்காரு. அதைப் பறிச்சிராதீங்க."

சட்னி இல்லாத மாதம்

எங்கள் பக்கத்து வீடு பாத்திரக்கடை ஜமால் பாயுடையது. அவர் மகன் இர்பானும் பிளஸ் டூ. யாழினி காலையில் படிப்பவள். இர்பான் சாயங்காலம் படிப்பவன். காலையில் எங்கள் பிள்ளை படிக்கிறாள் என்று பாய் வீட்டில் மிக்ஸி போட மாட்டார்கள். சாயங்காலம் அவர்கள் பிள்ளை படிக்கிறான் என்று நாங்கள் போட மாட்டோம். அவரவர் பிள்ளைக்காக அவரவர் வீட்டில் போடாதது தனி. இப்படி விட்டுக்கொடுத்து விட்டுக்கொடுத்து, மிக்ஸி போட ஒரு வேளையும் மிச்சமில்லை. இரண்டு வீட்டிலும் ஒரு மாதமாக இட்லிக்குப் பொடிதான்.

ஒருநாள் காலையில் காபி கொடுக்கப் போனேன். யாழினியின் இரண்டு காதிலும் இயர்போன். உள்ளே பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. "வீடு ரொம்ப அமைதியா இருக்குப்பா, தூக்கம் தூக்கமா வருது. அதான் பாட்டு" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் நின்ற பாயிடம் இதைச் சொன்னேன். அவர் உள்ளே போய் மகனிடம் கேட்டுவிட்டுத் திரும்பி வந்தார். சாயங்காலம் அங்கேயும் அதே கதைதானாம். சுவரில் கையை ஊன்றிக்கொண்டு கேட்டார்: "அப்ப ஒரு மாசமா நாம எதுக்கு சார் இட்லிப் பொடி தின்னோம்?"

மூன்று காலமும்

தமிழ்ப் பரீட்சை அன்று லீவு போட்டுவிட்டுப் பள்ளிக்கூட வாசல் வேப்பமரத்தடியில் நின்றேன். அங்கே ஏற்கெனவே பத்துப் பதினைந்து தகப்பன்மார் நின்றார்கள். உள்ளே பிள்ளைகள் எழுத எழுத, வெளியே இவர்களுக்கு வேர்த்துக்கொண்டிருந்தது. மினி பஸ் ஓட்டுகிற ஒருவர் என்னிடம் வந்து, "சார், பய காலையில 'ஊறுகாய்'க்கு இலக்கணக் குறிப்பு என்னன்னு கேட்டான். நான் என்னத்தக் கண்டேன்? அது என்ன சார்?" என்றார்.

இப்படி ஒரு கேள்வியை யாராவது கேட்க மாட்டார்களா என்று பல வருடங்களாகக் காத்திருந்தவன் நான். வினைத்தொகை என்று தொடங்கினேன். நேற்று ஊறிய காய், இன்று ஊறுகின்ற காய், நாளை ஊறும் காய். மூன்று காலமும் அந்த ஒரே சொல்லுக்குள் மறைந்து நிற்கிறது என்று கையை ஆட்டி விளக்கினேன். மரத்தடி முழுக்க அமைதியாகக் கேட்டது. என் தமிழின் மகிமை என்றுதான் நினைத்தேன். பிறகு அந்த டிரைவர் தலையாட்டிக்கொண்டே சொன்னார்: "சரிதான் சார். பிள்ளைக்குத்தான் நல்லது பொல்லாது எல்லாம் சமைக்கிறாக. எனக்கு நேத்தும் ஊறுகா, இன்னைக்கும் ஊறுகா, நாளைக்கும் ஊறுகாதான்."

என்ன கவுண்ட்?

ரிசல்ட் வந்த அன்று காலை இணையதளம் சுற்றிக்கொண்டே இருந்தது. யாழினி அசையாமல் உட்கார்ந்திருந்தாள். செல்வி சாமி படத்தையும் போனையும் மாறி மாறிப் பார்த்தாள். கடைசியில் திரையில் வந்து விழுந்தது: அறுநூற்றுக்கு ஐந்நூற்று நாற்பத்தொன்று. அந்த நிமிஷம் ரொம்ப நல்ல மார்க்காக இருந்தது. போன் வர ஆரம்பித்த பிறகுதான் குறையத் தொடங்கியது. "எம்புட்டு?" என்பார்கள். சொன்னதும், "அம்புட்டுத்தானா? எங்க நாத்தனார் பிள்ள..." என்பார்கள். மதியத்துக்குள் எனக்கே அது பெயில் மார்க் போலத் தோன்ற ஆரம்பித்துவிட்டது. இதற்கு அக்ரி சீட் வருமா என்பதுதான் கவலை. உள்ளூர்ப் பக்கம் வருமா என்பது அதைவிடப் பெரிய கவலை.

மில்லுக்குப் போனேன். ஸ்பின்னிங் சூப்பர்வைசர் ராமராஜு வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். வேலையில் நூலைத் தவிர வேறு பாஷை அவருக்குக் கிடையாது. "பாப்பா என்ன கவுண்ட் சார்?" என்றார். நூலின் ரகத்தைச் சொல்லும் எண்தான் கவுண்ட்; அவர் கேட்டது மார்க்கை. சொன்னேன், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு. அவர் நூல் சுற்றிய கதிர் ஒன்றை எடுத்து, இழையை இரண்டு விரலால் உருவிக் காட்டினார். "கவுண்ட் கூடக் கூட நூல் நைசாகும் சார். ரொம்ப நைசாப் போனா மிஷின்ல பொட்டுப் பொட்டுன்னு அறுந்துபோகும். இது நல்லா ஓடுற கவுண்ட்."

ஊர்ப் பேர்

கவுன்சலிங் முடிந்து சீட் வந்தது. அக்ரிதான். ஊர்: திருவண்ணாமலை. யாழினி முதலில் துள்ளினாள். அடுத்து மாமா ஞாபகம் வந்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மதுரை, திருச்சி, விழுப்புரம் எல்லாம் தாண்டிப் போக வேண்டிய ஊர். காலையில் கிளம்பினால் அன்றைக்கு விளக்கு வைக்கிற நேரத்துக்குள் அங்கே போய்ச் சேர்ந்தாலே பெரிய காரியம்.

இங்கே வெளியூர்க்காரர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பக்கத்திலும் ஒரு திருவண்ணாமலை உண்டு. மலைமேல் பெருமாள் கோயில். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூமாப்பட்டி, கான்சாபுரத்தில் இருந்தெல்லாம் ஜனம் வந்து குவியும். எங்கள் பக்கத்தில் வெறுமனே திருவண்ணாமலை என்றால் அதுதான். சிவன் இருக்கிற வடக்கத்தித் திருவண்ணாமலையைக் குறிப்பிட, "கார்த்திகை தீபத்துக்குப் போவாகல்ல, அந்தத் திருவண்ணாமலை" என்று நீட்டிச் சொல்ல வேண்டும்.

செல்வி போனை எடுத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணே, பாப்பாவுக்குச் சீட்டு கெடைச்சிருச்சு."

"எந்த ஊருல?"

"திருவண்ணாமலைண்ணே."

அவள் நீட்டவில்லை. அந்தப் பக்கம் பம்ப்செட்டை நிறுத்துகிற சத்தம் கேட்டது. "திருவண்ணாமலையா? சரி, சரி. நல்லாப் படிக்கட்டும்" என்றார் மச்சான்.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மச்சான், ஒரு சின்ன விளக்கம்..." என்று ஆரம்பித்தேன். செல்வி போனைக் கட் பண்ணிவிட்டாள். இவ்வளவு வருடம் குடும்பம் நடத்தியும் எனக்குத் தெரியாத ஒரு செய்தியை அப்போதுதான் சொன்னாள். பிளஸ் டூ முடித்ததும் அவளுக்கு மதுரையில் நர்சிங் சீட் வந்திருக்கிறது. அண்ணன் ஊரைக் கேட்டார், மதுரை என்று சொன்னாள், அத்தோடு படிப்பு முடிந்தது. சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். "இன்னைக்கும் ஊர்ப் பேரைத்தான் கேட்டாக. பிழையில்லாமத்தானே சொன்னேன்?" நான் திரும்பப் போன் போடவில்லை.

மதுரை பஸ்

கிளம்புகிற அன்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் ஒரு டிரங்குப் பெட்டி, பாய், தலையணை, வாளியோடு மூவரும் நின்றோம். வத்திராயிருப்பு பஸ்ஸில் இருந்து மச்சான் இறங்கி வந்தார். அவரிடம் கிளம்பும் நாளை நாங்கள் சொல்லவே இல்லை, யாழினிதான் சொல்லியிருக்கிறாள். சொல்லிவிட்டுப் போகாமல் அவளுக்கு மனசு கேட்கவில்லையாம். அண்ணனைப் பார்த்ததும் முந்தானையைக் கையில் சுருட்டிக்கொண்டு செல்வி என் பின்னால் வந்து நின்றாள். யாழினி பெட்டியின் கைப்பிடியை விடவில்லை.

அவர் பெட்டியைப் பார்த்தார். வாளியைப் பார்த்தார். 'மதுரை' என்று எழுதியிருந்த பஸ்ஸைப் பார்த்தார். பெருமாள் மலை இருக்கும் திசை வேறு. என்ன சொல்லிச் சமாளிக்கலாம் என்று நான் மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன். எழுவாய் கிடைத்தது, பயனிலை கிடைக்கவில்லை. அதற்குள் அவர் டிரங்குப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்து, பஸ்ஸுக்குள் கொண்டுபோய் சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு இறங்கினார்.

"ஏட்டி செல்வி, எதுக்கு ஒளியுத? கூமாப்பட்டிக்காரன்தான் நான், கூமுட்டை இல்ல. நம்ம மலையில கொரங்கு இருக்கு, காலேஜ் எங்க இருக்கு? போன்ல நீ சொல்லும்போதே தெரியும்." செல்வி என் பின்னாலிருந்து வெளியே வந்தாள். அவர் அவளைப் பார்க்காமல் பஸ்ஸின் டயரைப் பார்த்துக்கொண்டு, "அன்னைக்கு மதுரையே எனக்குத் தூரமாத் தெரிஞ்சது" என்றார். யாழினியின் தலையில் கையை வைத்தார். "போய்ட்டு வா பாப்பா. போய்ச் சேர்ந்ததும் போன் போடு." பஸ் கிளம்புகிற நேரம் என் பக்கம் திரும்பினார்: "கூமாப்பட்டியில கேட்டா நானும் திருவண்ணாமலைன்னுதான் மாப்ள சொல்லப் போறேன். நீங்க மட்டும் அங்க வந்து விளக்கம் சொல்லிராதிய."

ஊரார் பேச்சையெல்லாம் திருத்துவதற்கே பிறந்தவன் என்று என்னைப் பற்றி நினைத்திருந்தேன். பிளஸ் டூ தகப்பன் உத்தியோகத்தில் நான் பார்த்த ஒரே உருப்படியான வேலை, ஒரு சொல்லைத் திருத்தாமல் விட்டதுதான்.