கொதிநீர் ஊற்றின் பக்கத்தில்

ஐஸ்லாந்தில், கொதிநீர் ஊற்றைச் சுற்றிக் கட்டிய கயிற்றருகே நிற்கிறோம். காரைக்காலிலிருந்து புவியியல் பாடத்துக்காக நான் கூட்டிவந்த பதினொரு பிள்ளைகளில் ஒருத்தியைக் காணோம்.

"நஸ்ரின் எங்கடா?"

"பஸ்லதான் சார். குளிருதாம், எறங்க மாட்டேங்குறா."

எரிச்சலோடு பஸ்ஸுக்கு ஓடுகிறேன். அதை ஓட்டும் உள்ளூர்ப் பெண்மணி, "அவள் இப்போதுதான் இறங்கிப் போனாள்" என்கிறார் ஆங்கிலத்தில்.

முதுகுக்குப் பின்னால் பெருங்கூச்சல். நான் திரும்புவதற்குள் நீர் பீறிட்டு அடங்கிவிட்டது; ஆவி மட்டும் காற்றில் சாய்கிறது.

நஸ்ரின் குதித்துக்கொண்டு வருகிறாள். "பாத்தீங்களா சார்? பனைமரம் ஒசரம்! நீங்க போர்டுல வரைஞ்ச மாதிரியே இல்ல!"

இருபது வருஷமாக வரைகிறேன்.

"அடுத்து எப்போது பொங்கும்?" என்று ஓட்டுநரைக் கேட்கிறேன்.

"பத்து நிமிடத்தில். ஆனால் நமக்கு நேரமாகிவிட்டது, ஏறுங்கள்."

பிள்ளைகள் ஏறுகிறார்கள். நான் ஏறப்போவதில்லை.